கேம்பிரிட்ஜ் கோடை: வாய் திறந்த இடங்கள்

ஜூலை மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தெருக்களில் நடந்தால் இத்தாலிய மொழியும் ஸ்பானிஷும்தான் அதிகம் காதில் விழும். ஊர் முழுக்க ஆங்கிலம் சொல்லித்தரும் கோடைப் பள்ளிகள். ஐரோப்பியப் பிள்ளைகள் ஒரே நிறப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கும்பல் கும்பலாகப் போவார்கள். வகுப்பு முடிந்த நிமிடமே சொந்த மொழிக்குத் தாவிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டாளிகளோடு வெளியூர் போய் யார்தான் அந்நிய மொழியில் அரட்டை அடிப்பார்கள்?

கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக அங்கே போய்த் தங்கிய எனக்குக் கூட்டாளிகள் கிடையாது. அதுவே வசதியாகப் போயிற்று. மதுரையில் தமிழ்வழிப் பள்ளி, அப்புறம் பி.காம். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் வாசிப்பேன், கடிதம்கூட எழுதுவேன். பேசச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோடைப் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்ததும் அந்த யோசனையைக் கைவிட்டோம். பதிலுக்கு, அந்த ஊரில் கோடையில் இலவசமாகவோ சொற்பக் காசுக்கோ என்னென்ன நடக்கிறது என்று தேடித் தேடிப் போனேன். மகனையோ மகளையோ பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம். நுழைவு இலவசம், நல்ல இடம், பேச்சுக்கு ஒன்றுக்கும் ஆகாது. எல்லோரும் மூச்சுவிடாமல் படங்களைப் பார்க்கிறார்கள்.

ஆற்றங்கரை அப்படியில்லை. கேம் ஆற்றில் பண்ட் என்கிற தட்டைப் படகுகள் ஓடும். பின்பக்க மேடையில் ஒருவர் நின்று நீண்ட கழியால் ஆற்றுப் படுகையை உந்தித் தள்ளுவார். (ஆக்ஸ்ஃபோர்டில் படகுக்குள் நின்று தள்ளுவார்களாம். எது சரி என்பதில் இரண்டு ஊருக்கும் ஓயாத வாக்குவாதம்.) வழிகாட்டியோடு போகும் படகுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் டிரினிட்டி கல்லூரிக்குப் பக்கத்தில் காரட் ஹாஸ்டல் பாலம் பொதுவழி. அதன் கைப்பிடியில் சாய்ந்து நின்றால், கீழே போகிற ஒவ்வொரு படகிலிருந்தும் வழிகாட்டியின் குரல் தெளிவாக மேலே வரும். ஏறக்குறைய அதே கதைகள், அதே நகைச்சுவை, ஆனால் வேறு வேறு உச்சரிப்பு. ஒரு பையன் வேகமாகச் சொன்னதில் விட்டுப்போனது அடுத்த படகுப் பெண் சொல்லும்போது புரிந்துவிடும். காசு கொடுத்தாலும் இப்படிக் கேட்புப் பயிற்சி கிடைக்குமா தெரியவில்லை.

கதைகள் எல்லாம் உண்மை என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தார்கள் என்று ஒரு கதை ஓடும். நியூட்டன் இறந்தது 1727இல். பாலம் கட்டியது 1749இல். இதை ஒருநாள் பாலத்தின் மேல் என் பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பெண்மணியிடம் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாக எடுத்த ஆங்கிலப் பேச்சு அதுதான். தப்பான தகவலைத் திருத்தும் ஆசை வந்தால் கூச்சம் பறந்துவிடும் போல.

ஜூலை, ஆகஸ்டில் கல்லூரித் தோட்டங்களில் ஷேக்ஸ்பியர் விழா நடக்கும். ஜமுக்காளம், சாப்பாடு, கம்பளி சகிதம் வந்து புல்லில் உட்கார்ந்துவிடுவார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஒன்பது மணி தாண்டித்தான் பொழுது சாய்வதால் நாடகத்தில் பெரும்பகுதி பகல் வெளிச்சத்திலேயே நடந்துவிடும். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனேன். அப்படியும் வசனத்தில் பாதி பிடிபடவில்லை. இடைவேளையில் பக்கத்து ஜமுக்காளத்துக்காரர், தனக்கும் அதே கதிதான் என்று சொல்லி ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரியை நீட்டினார். அந்தக் கால்மணி நேரப் பேச்சுக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று.

ஆனால் எனக்கு நிஜமாகவே வாயைத் திறந்துவிட்டது பார்க்ரன்தான். லண்டன் புஷி பார்க்கில் 2004இல் வெறும் 13 பேரோடு தொடங்கிய ஓட்டம் இது. இன்று இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏகப்பட்ட பூங்காக்களில் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம், பணம் கிடையாது. ஒருமுறை பதிவு செய்து பார்கோடு வாங்கிக்கொண்டால் போதும். கேம்பிரிட்ஜில் இது ஊருக்கு வடக்கே மில்டன் கன்ட்ரி பார்க்கில் நடக்கும். பழைய சரளைக்கல் குழிகள் ஏரிகளாகிவிட்ட இடம், சுற்றிலும் மரங்கள்.

எனக்கு ஓட்டம் வராது, அதனால் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். பளபளக்கும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு திருப்பத்தில் நின்று, வருகிறவர்களுக்கு வழி காட்டி "வெல் டன், கீப் கோயிங்" என்று கத்த வேண்டும். முதல் பத்து பேருக்குக் குரலே எழும்பவில்லை. அப்புறம் கூட்டம் வந்தது. சிலர் மூச்சு வாங்கிக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் வருவதற்குள் என் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அதைவிட நல்ல வேலை டெயில் வாக்கர். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளோடு நடந்து வருகிறவர். இதனால் ஓட்டக்காரர் யாரும் கடைசியாக வந்தோம் என்று சங்கடப்பட வேண்டியதில்லை. அந்த இடம் நமக்கு ஒதுக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரே ஆளோடு நடை. எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் அவர் என் வாயையே பார்ப்பார், எனக்கு வியர்க்கும். பக்கத்தில் நடக்கும்போது இருவர் கண்ணும் பாதையில். பேச்சு நின்றுபோனால் வாத்தைக் காட்டலாம்.

அப்படி என்னோடு நடந்த ஒரு பாட்டி முழங்கால் வலிக்காக நடக்கிறவர். அவருக்கு ஒரு அலாட்மென்ட் இருந்தது. காய்கறி போட வருட வாடகைக்குக் கிடைக்கும் துண்டு நிலம். ஆகஸ்டில் ரன்னர் பீன்ஸும் கூர்ஜெட் என்கிற சுக்கினிக் காயும் காய்த்துத் தள்ளுகிறது, அவித்து அவித்து அலுத்துவிட்டது என்று புலம்பினார். சரி, இது நம்ம ஏரியா! கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, பொடியாக நறுக்கிய பீன்ஸைப் போட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல். கூர்ஜெட்டைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். ஒரு ஏரியை முழுதாகச் சுற்றி முடிக்கும்வரை சொன்னேன். தாளிப்பதை விளக்கத்தான் ரொம்பப் பாடுபட்டேன், எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தத்தை வாயால் செய்துகாட்டி ஒப்பேற்றினேன். அடுத்த வாரம் ஒரு பை நிறையக் கூர்ஜெட் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கூட்டுதான்.

நமக்குத் தெரிந்த விஷயம் கிடைத்தால் இலக்கணம் தானாக ஒதுங்கி வழிவிடுகிறது. இது இன்னும் நன்றாகத் தெரிந்தது பார்க்கர்ஸ் பீஸில். ஊர் நடுவே பெரிய புல்வெளி. கால்பந்தின் ஆரம்பகால விதிகளில் ஒன்றான 1848 கேம்பிரிட்ஜ் விதிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய ரஞ்சித்சிங்ஜி மாணவராக இருந்தபோது இங்கே கிரிக்கெட் ஆடியிருக்கிறார். இந்த ஊரில் 1882இல் பிறந்த இங்கிலாந்து மட்டையாளர் ஜாக் ஹாப்ஸ் பெயரில் ஒரு பெவிலியனும் நிற்கிறது. கோடையில் வாரக்கடைசி ஆட்டங்களை எல்லைக்கோட்டு ஓரமாக உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பந்துக்கும் பந்துக்கும் நடுவே அவ்வளவு நேரம் இருப்பதால் பேசாமல் இருப்பதுதான் சிரமம்.

இந்தியாவா என்று கேட்டார் பக்கத்து நாற்காலித் தாத்தா. சென்னைக்குத் தெற்கே என்றதும் அஷ்வின் பேச்சு வந்துவிட்டது. அவருடைய கேரம் பந்து எப்படித்தான் திரும்புகிறது என்று கேட்டார். கையில் ஒரு பிளம் பழம் இருந்தது. நடுவிரலை மடக்கி, கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவே பழத்தைப் பிடித்து, சொடக்குப் போடுவதுபோல் சுண்டிக் காட்டினேன். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் பையன்கள் போடுகிற வித்தை இது, அங்கே இதற்குச் சொடக்குப் பந்து என்று பேர் என்றும் சொன்னேன். தாத்தா தன் சிநேகிதரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அவர் பழத்தை வாங்கிச் சுண்டிப் பார்த்தார், அது நேராக ஃபைன் லெக்கில் நின்ற பையன் காலடிக்குப் போயிற்று.

"சரி, கேரம் என்றால் என்ன?" என்றார் சிநேகிதர். பலகை, வலை, பவுடர், சிவப்புக் காய் என்று தொடங்க வேண்டும். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.