நூறு துண்டுப் போர்வை, அரை அங்குலக் குறைவு

தத்தெடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, வீட்டைப் பார்க்க நன்னடத்தை உத்தியோகத்தர் எப்போது வருவார், நீதிமன்றத் தவணை எப்போது என்று காத்திருக்கிற ஆட்களுக்கு இது. நூறு பேரிடம் ஆளுக்கொரு துண்டுத் துணி வாங்கிப் பிள்ளைக்குப் போர்வை தைப்பது சீனாவின் பழைய வழக்கம். மட்டக்களப்பில் துணி சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. கேட்டால் பழைய சாரனும் வொயில் சேலையும் வந்து குவியும்.

நான் பிழை விட்டது அளவில். 5 அங்குலச் சதுரமாக வெட்டினேன். கால் அங்குலத் தையல் போக, பத்துக்குப் பத்து வைத்துத் தைத்தால் ஓரத்தோடு 45½ அங்குலம். போர்வையின் அடிப்பக்கத்துக்கு வாங்கிய பிடவையின் அகலம் 45. கழுவிக் காய்ந்ததும் 43½. ஒட்டுப்போடத் துணி எடுக்கலாமென்று, கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊரான மருதமுனைக்கு பஸ் ஏறினால், அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம், கடைகள் பூட்டு. நீங்கள் 4½ அங்குலமாக வெட்டுங்கள். 40½ வரும், சுற்றிவர ஒன்றரை அங்குலம் அடித்துணி மிஞ்சும்.

மெசின் பாதத்தின் ஓரத்தை நம்ப வேண்டாம். ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து தட்டில் டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டிலும் 1/16 அங்குலம் கூடப் பிடித்தாலே, ஒன்பது தையலில் வரிசை ஓர் அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும். ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மடித்து அயன் பண்ணினால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

கைத்தறிச் சாரனின் சிவப்பை நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாகக் கழுவ வேண்டும். உப்புப் போட்டால் நிற்கும் என்பார்கள், எனக்கு நிற்கவில்லை. வொயில் வழுகும், கஞ்சி போட்டு அயன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். பட்டுக்குப் பின்னால், அயன் சூட்டில் ஒட்டுகிற கன்வஸ் வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரியும். நைலெக்ஸ் செயற்கைத் துணி, சூட்டில் உருகும். தந்தவருக்குச் சொல்லாமல் ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் புழுக்கத்துக்கு நடுவில் பஞ்சு எதற்கு? பழைய பருத்திச் சேலை ஒரு மடிப்புப் போதும். மாரியில் பஞ்சு லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மணி, பொத்தான் எதுவும் தைக்காதீர்கள், பிள்ளை பிய்த்து வாயில் போடும். ஒரு வயதாகும்வரை தூங்கும் இடத்திலும் இதைப் போடக்கூடாது, மூச்சடைக்கும். அதுவரை சுவரில் தொங்கட்டும்.

பிள்ளையின் பெயரைப் பின்னிப் போர்வையின் பின்புறம் வைக்கிற பெயர்த்துண்டை மட்டும் இன்னும் தைக்கவில்லை. நீதிமன்றக் கட்டளையோடு பெயர் மாறலாம். போர்வையில் தைத்த பிறகு எழுத்துப் பின்னப் போனால் ஊசி மேல்துணிவரை ஏறிவிடும்.