ராலியின் கப்பல்

வட கரோலினாவில் ரோனோக் தீவு என்றாலே பலரும் முதலில் சொல்வது வெள்ளை மான் கதைதான். 1587 ஆகஸ்ட் 18 அன்று அங்கே பிறந்தவள் வர்ஜீனியா டேர், அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த முதல் குழந்தை. ஆங்கிலேயக் குடியிருப்பே மறைந்துபோன பிறகு அவள் பூர்வகுடிகளிடம் வளர்ந்தாளாம். அவள் கிடைக்காத ஆத்திரத்தில் சீக்கோ என்ற மந்திரவாதி அவளை வெள்ளை மானாக மாற்றிவிடுகிறான். சாபம் தீர, காதலன் ஒக்கிஸ்கோ சிப்பிமுத்து வைத்த அம்பை எய்கிறான். அதே நொடியில் வான்சீஸ் என்ற இன்னொரு பூர்வகுடி, எலிசபெத் ராணி கொடுத்த வெள்ளி அம்பை எய்கிறான். மான் பெண்ணாகிறது, உடனே உயிரும் போகிறது.

சாலி சௌதால் காட்டன் 1901இல் இதை நெடுங்கவிதையாக வெளியிட்டார். பூர்வகுடிக் கதை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கோ அதில் வெள்ளைக்காரர்களின் ஏக்கம்தான் கேட்கிறது.

நான்காம் வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்த என் மகள், "அவளைத் தேடி யாருமே வரலையாம்மா?" என்றாள். வந்தார், அவளுடைய தாத்தாவே வந்தார். குடியிருப்பின் ஆளுநரான ஜான் வைட், பேத்திக்கு ஒன்பது நாள் ஆனபோது உதவி கேட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஸ்பெயினோடு போர் மூண்டதால் திரும்ப மூன்று வருடம் ஆகிவிட்டது. 1590இல் அவர் தீவில் கால்வைத்த நாள் பேத்தியின் மூன்றாவது பிறந்தநாள். வீடுகள் இல்லை, ஆட்கள் இல்லை. வேலிக் கம்பத்தில் 'குரோவடோவன்' என்று செதுக்கியிருந்தது. இடம் மாறினால் ஊர்ப்பெயரைச் செதுக்க வேண்டும், ஆபத்தென்றால் மேலே சிலுவை போட வேண்டும் என்பது ஏற்பாடு. சிலுவை இல்லை. குரோவடோவன், அவர்களுடைய பூர்வகுடி நண்பர் மான்டியோ பிறந்த தீவு. வைட் மகிழ்ந்துபோனார். ஆனால் புயலில் நங்கூரங்கள் பறிபோய், கப்பல் அங்கே போகாமலேயே திரும்பியது. அவர் பேத்தியை அப்புறம் பார்க்கவே இல்லை.

இதைத்தான் மர்மம் என்கிறார்கள். முகவரி எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் எப்படிக் காணாமல் போனவர்கள் ஆவார்கள்? போனதற்குக் காரணமும் இருந்திருக்கும். 1587 முதல் 1589 வரை அந்தப் பகுதியில் சுமார் 800 ஆண்டுகளிலேயே மிகக் கொடிய வறட்சி என்று மரவளையங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

நான் மகளுக்குச் சொன்ன கதை வேறு. குரோவடோவன்தான் இன்றைய ஹேட்டரஸ் தீவு. அந்த மக்களைப் பற்றி ஜான் லாசன் என்ற ஆங்கிலேயப் பயணி 1709இல் எழுதியிருக்கிறார். தங்கள் முன்னோரில் சிலர் வெள்ளையர்கள், புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று அவர்கள் அவரிடம் சொன்னார்களாம். அவர்களில் பலருக்குச் சாம்பல் நிறக் கண்கள் இருந்ததையும் குறித்திருக்கிறார். முதலில் குடியேறியவர்களைக் கொண்டுவந்த கப்பல் அடிக்கடி பாய் விரித்துக் கம்பீரமாகத் தோன்றும், அதை வால்ட்டர் ராலியின் கப்பல் என்பார்கள் என்றும் எழுதுகிறார். குடியேற்றத்துக்கு ஏற்பாடு செய்தவர்தான் ராலி, ஆனால் இந்தக் கரைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் அவர் கப்பல் அந்த மக்களின் பேச்சில் ஓடியிருக்கிறது. எனக்கு இது போதும். மானுக்காக அழுத என் பிள்ளைக்கும் இதுதான் பிடித்தது. அந்தக் கப்பலில் தாத்தா இருப்பாரா என்று கேட்டாள்.

1937இல் தொடங்கி ரோனோக்கில் கோடைக்காலத்தில் நடக்கும், இந்தக் குடியிருப்பைப் பற்றிய திறந்தவெளி நாடகத்துக்குப் போகிறவர்கள், பகல் மிச்சமிருந்தால் 12ஆம் எண் சாலையில் தெற்கே ஹேட்டரஸ் வரை போய்வாருங்கள். வைட் போக நினைத்த ஊர் அதுதான்.