ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணிதம்: நாங்கள் முடிவெடுத்த விதம்

டெக்சஸில் 2023-இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பின் மாநிலத் தேர்வான 'ஸ்டார்' கணிதத்தில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை, ஆறாம் வகுப்பில் பள்ளியே அட்வான்ஸ்டு கணிதத்தில், அதாவது வழக்கத்தைவிட வேகமாகப் போகும் கணித வகுப்பில், சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது என்பதால் இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்.

டாலஸ் புறநகரில் இருக்கும் எங்களுக்கும் கடிதம் வந்தது. "பள்ளியே சேர்த்துவிட்டது, பிறகென்ன யோசனை?" என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகள் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை டியூஷனில் தாள் தாளாகக் கணக்குப் போட்டுப் பழகியவள். தேர்வில் வந்த மதிப்பெண் புரிதலால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா?

நானும் கணவரும் படித்த தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே கணக்குப் புத்தகம்தான். இங்கே பதினொரு வயதிலேயே பாதை பிரிகிறது. எங்கள் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளின் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்து, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுக்கிறார்கள். அதன்பின் ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் என்று போனால் பன்னிரண்டாம் வகுப்பில் ஏ.பி. கால்குலஸ், அதாவது கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் நுண்கணிதம். வழக்கமான பாதையில் அல்ஜீப்ரா 1 ஒன்பதாம் வகுப்பில் வரும். பள்ளி முடிவதற்குள் பிரீகால்குலஸ் வரைதான் போகலாம். நடுவில் ஓராண்டில் இரண்டு கணிதப் பாடங்களைச் சேர்த்து எடுத்துக் கால்குலஸைப் பிடிப்பவர்களும் உண்டு. ஆகவே இப்போது விட்டால் கதவு அடைபட்டுவிடும் என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் மிரட்டியதை நான் பொருட்படுத்தவில்லை.

ஒரு மாலை சமையலறை மேசையில் மகளிடம் கேட்டேன்: "முக்கால் கேலன் பால் இருக்கிறது. ஒரு கப் என்பது கேலனில் பதினாறில் ஒரு பங்கு. எத்தனை கப் ஊற்றலாம்?" கண்மூடித் திறப்பதற்குள் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி 12 என்றாள். "சரி கண்ணு, ஏன் தலைகீழாக்கினாய்?" பதில் இல்லை. "அப்படித்தானேம்மா சொல்லிக் கொடுத்தார்கள்" என்றாள். நான் எதுவும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவள் பால் கேனை வரைந்தாள், நான்காகக் கோடு போட்டாள், ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி நான்காக்கினாள், அழித்தாள், திரும்ப வரைந்தாள். நெடுநேரம் கழித்து, "அம்மா, முழுக் கேலனில் 16 கப் இருக்கிறது, நமக்கு அதில் முக்கால் பங்குதான் வேண்டும், அதனால்தான் 16-ஆல் பெருக்குகிறோம்!" என்று கத்தினாள்.

எனக்கு வேண்டியது அந்த நெடுநேரம்தான். விடை முன்பே கையில் இருந்தும் காரணம் தேடி உட்கார்ந்திருக்கிறாளே, இவளால் இந்த வேகத்தைத் தாங்க முடியும் என்று தோன்றியது. விடை வந்ததும் எழுந்து ஓடியிருந்தால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் விலக்கியிருப்பேன்.

பள்ளி ஆலோசகரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டோம். விகிதமும் விகிதசமமும் எத்தனை வாரம் நடத்தப்படும்? அல்ஜீப்ராவுக்கு அது முக்கியமான அடித்தளம். அங்கே அவசரப்பட்டால் பிறகு ஈடுகட்டுவது கடினம். முதல் பருவத்தில் திணறினால் வழக்கமான வகுப்புக்கு மாற முடியுமா? முடியும் என்று தெளிவாகச் சொன்னார். அந்தப் பதில் கிடைத்த பிறகே மகளிடம், "உனக்கு விருப்பமா?" என்று கேட்டோம். தோழி அந்த வகுப்பில் இல்லை என்று ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மறுநாள் சரி என்றாள்.

சேர்த்தோம், டியூஷனை நிறுத்தினோம். இரண்டும் சேர்ந்தால் குழந்தைக்கு விளையாட நேரமே இருக்காது. முதல் பருவத்தில் மதிப்பெண் இறங்கியது. குறை எண்களைக் கழிப்பதில் தடுமாறினாள். பள்ளி தொடங்குமுன் ஆசிரியை நடத்தும் உதவி வகுப்புக்குப் போய், எண்கோடு வரைந்து வரைந்து தேறினாள்.

இப்போது ஏழாம் வகுப்பு. அடுத்த ஆண்டு எடுக்கும் அல்ஜீப்ரா 1-இன் மதிப்பெண், ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் உயர்நிலைப் பள்ளியின் பதிவில் ஏறும். அதனால் இந்த ஆண்டு முடியும்போது தொடர்வதா என்று அவளையும் வைத்துக்கொண்டே மறுபடி பேசப்போகிறோம்.