அலமாரியை முகர்ந்து பார்த்தவர்

விற்பனைக்கு வைத்திருந்த எங்கள் குன்னூர் வீட்டைப் பார்க்க முதலில் வந்தவர்கள் கோவையைச் சேர்ந்த ஒரு மருத்துவத் தம்பதியர். வரவேற்பறையில் நாங்கள் பெருமையாக நினைத்திருந்த தொலைக்காட்சிச் சுவரை அந்த அம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குள் சென்று, சுவரோடு பதித்திருந்த அலமாரியின் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி முகர்ந்து பார்த்தார்; பிறகு வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். அது 2022 நவம்பர். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால், எந்த வீடும் தன் குறைகளை மறைக்க முடியாத மாதம் அது. "மழை விடட்டும், சொல்லி அனுப்புகிறோம்" என்று கூறிப் புறப்பட்டார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அந்த வீட்டை அப்பா 1987-இல் வாங்கினார். கட்டப்பட்டது அதற்கும் வெகுகாலம் முன்பு. கல் அடித்தளம், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், தகரக் கூரை, அதன் கீழே பலகை வேய்ந்த உட்கூரை, தேக்குப் பலகைத் தரை, கூடத்தில் ஒரு கணப்பு, தெற்கே பார்த்துப் பிதுங்கி நிற்கும் ஒரு பெரிய சன்னல் என்று பழைய மலைவீடுகளுக்கு உரிய எல்லாம் அதில் இருந்தன. 2013-இல், அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்றும், பின்னாளில் விற்க நேர்ந்தால் நல்ல விலை கிடைக்கட்டும் என்றும், அண்ணனும் நானும் சேர்ந்து அதைப் புதுப்பித்தோம். அண்ணன் கோவையிலும் நான் சென்னையிலும் இருந்ததால் வேலை எடுத்தவரும் கீழிருந்தே வந்தார். மேட்டுப்பாளையத்தில் லாரி ஏறிய டைல்ஸ், பிளைவுட், ஜிப்சம் பலகைகளோடு சமவெளியின் ரசனையும் அதே லாரியில் மலையேறியது. வெயிலை விரட்டவும் குளுமையை வரவழைக்கவும் பழகிய ரசனை அது. வெயிலுக்காக ஏங்கும் ஊரில் அதைக் கொண்டுவந்து பொருத்தினால் என்ன ஆகும் என்பதை, விற்கப் போனபோதுதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம்.

முதல் பாடம் தலைக்கு மேலே இருந்தது. பழைய பலகைக் கூரை கறுத்துப்போய், வீட்டை இருட்டாகக் காட்டுகிறது என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு, உள்ளே விளக்கு பதித்த வெள்ளை ஜிப்சம் கூரை அமைத்தோம். இரவு நேரத்தில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் எழும் ஈரக்காற்று மேலே சென்று அதன் அடிப்பக்கத்தில் பட்டதும் நீர்த்துளியாகிறது. பழைய கூரையில் பலகைகளுக்கு நடுவே இடுக்குகளும், தகரம் சுவரில் அமரும் இடத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகளும் இருந்தன; அந்த ஈரம் பகலில் அவ்வழியே வெளியேறிவிடும். எலி வருகிறது, குளிர் வருகிறது என்று சொல்லி எங்கள் ஆட்கள் அத்துளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். நாங்களும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே எண்ணினோம். இரண்டாவது மழைக்காலத்தில் வெள்ளைக் கூரையில் தேநீர்க் கறை போன்ற வட்டங்கள் தோன்றின. நான்காவதில் ஒரு மூலை தொங்கியது. வாங்க வருகிறவர் அந்த வட்டத்தைக் கண்டால் கூரை ஒழுகுகிறது என்றே முடிவு செய்வார். கூரை ஒழுகவில்லை, வீட்டு மூச்சுதான் தண்ணீராகிறது என்று நாம் விளக்கத் தொடங்கினால், விற்பவன் கதை சொல்கிறான் என்று அவர் முகத்திலேயே எழுதியிருக்கும்.

சுவரின் கதையும் இதற்கு உடன்பிறப்புதான். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கும், காய்ந்த நாளில் திருப்பிக் கொடுக்கும்; சுண்ணாம்பு வெள்ளை அதற்குத் தடை செய்வதில்லை. நாங்கள் அதன்மேல் சிமெண்டு பூசி, பட்டி பார்த்து, கழுவினால் போகும் விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தோம். அந்தப் பெயிண்டு ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, உள்ளே புகுந்த ஓதத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்து, பெயிண்டு அப்பளம்போல் உப்பி உதிர்ந்தது. அதை மறைக்க ஒரு சுவருக்குப் பூப்போட்ட சுவர்க்காகிதம் ஒட்டினோம்; காகிதத்துக்குப் பின்னால் பூஞ்சணம் நிம்மதியாகக் குடியேறியது. அந்த அம்மாள் அலமாரிக்குள் முகர்ந்தது இந்தப் பூஞ்சணத்தைத்தான். மலையில் ஒரு முறையாவது குடியிருந்தவர்களுக்கு மூக்குதான் முதல் மதிப்பீட்டாளர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

தரையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தேக்குப் பலகையைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டோம். டிசம்பரில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது, காலுறை அணிந்து நடந்தால் வழுக்கும், எனவே சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்தோம், கம்பளம் ஈரம் குடித்து நாறியது. துகள்பலகையில் செய்த மாடுலர் சமையலறையில் தொட்டிக்குக் கீழே இருந்த கதவுகள் ஊதிப்போய் மூட மறுத்தன. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் கேட்டு வாங்கியிருந்தால் அது மட்டுமாவது தப்பியிருக்கும்.

கணப்பை மூடியதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அப்பா மாலையில் சீகை விறகு இரண்டும் கற்பூர மரக் கட்டை ஒன்றும் போட்டு மூட்டுவார். புகை அடிக்கிறது, சாம்பல் அள்ள ஆள் இல்லை என்ற காரணங்களோடு அதைப் பலகை வைத்து அடைத்து, புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடி, அந்த இடத்தில்தான் தொலைக்காட்சிச் சுவரை எழுப்பினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் சன்னல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார். விற்பனைக்கு வந்த பிறகு எங்கள் தரகர், முப்பது ஆண்டுகளாகக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீடு முடித்துக் கொடுப்பவர், அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, கீழேயிருந்து வர்றவங்களுக்கு டிவி அவங்க வீட்டிலேயே இருக்கு. இங்க வந்து அவங்க முதல்ல கேக்குறது ஃபயர்பிளேஸ் எங்கேன்னுதான்" என்றார். இல்லாத ஒன்றை உருவாக்கிச் செலவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்ததை மறைக்கக் காசு கொடுத்தவர்கள் நாங்கள்.

2023 பிப்ரவரியில் வங்கிக் கடனோடு வாங்க ஒருவர் முன்வந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அளவு நாடாவோடு வந்து, நிலத்தைத் தனியாகவும் கட்டடத்தைத் தனியாகவும் கணக்கிட்டார். கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழித்தார். ஜிப்சம் கூரைக்கும் தொலைக்காட்சிச் சுவருக்கும் அவர் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அழகு என்று செலவிடுவதெல்லாம் கடன் தொகையில் சேராது என்பதையும், அதற்கான விலையை வாங்குபவர் தன் கைப்பணத்திலிருந்துதான் தரவேண்டும் என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். பத்திரச் செலவுக்கே முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 11 கணக்கில் எடுத்து வைக்க வேண்டியவர், உப்பிய கதவுக்கு எதற்குத் தருவார்?

அதைவிடப் பெரிய அடி தாழ்வாரத்தில் விழுந்தது. திறந்திருந்த முன் தாழ்வாரத்தைக் கண்ணாடி அடைத்து, ஒரு வெயில் அறையாக்கியிருந்தோம். புகைப்படத்தில் வீட்டின் மிக அழகான பகுதி அதுதான். ஆனால் மலை நகரங்களுக்கென்று 1993-இல் தனிக் கட்டட விதிகள் வந்துவிட்டன; உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதில் தொடங்கி, நீலகிரியில் ஒரு சுவரை நகர்த்துவதற்கும் கேள்வி உண்டு. எங்கள் அனுமதி வரைபடத்தில் அது திறந்த தாழ்வாரம். மதிப்பீட்டாளர் அந்தப் பரப்பைச் சேர்க்கவில்லை. வாங்குபவரின் வழக்கறிஞரோ, வரைபடத்தில் இல்லாத ஒன்றோடு பத்திரம் எழுத வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் சுத்தமாக இருந்தும் அந்தப் பேரம் ஒரு கண்ணாடித் தடுப்பால் முறிந்தது.

அதன் பிறகு அந்தக் கோடையில் பாதி வேலையைத் திருப்பிச் செய்தோம். கண்ணாடியைக் கழற்றினோம். ஜிப்சத்தை இறக்கி, காற்றுத் துளைகளைத் திறந்து, எலி புகாதபடி கம்பி வலை அடித்து, எளிய சில்வர் ஓக் பலகையில் கூரை போட்டோம். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் சிமெண்டுப் பூச்சைக் கொத்தியெடுத்து, மார்ச்சு, ஏப்ரல் வெயிலில் சுவரை நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தார். "வீட்டுக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டுட்டு வேர்க்குதுன்னா எப்படிங்க" என்று அவர் கேட்டது எங்கள் 2013-ஆம் ஆண்டுத் திட்டம் முழுவதற்கும் பொருந்தும். புகைபோக்கியைத் தூர்வாரிக் கணப்பைத் திறந்தோம். கம்பளம் போனது. டைல்ஸை மாற்றப் பணமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

செலவே இல்லாமல் கிடைத்த மாற்றம் வெளிச்சத்தில்தான். கோவையில் குளுமையாகத் தோன்றும் வெள்ளை விளக்கு, மூடுபனி நாளில் வரவேற்பறையை மருத்துவமனை வார்டு ஆக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகளைப் போட்டேன். தெற்குச் சன்னலை மறைத்திருந்த கனத்த திரையை அகற்றினேன். நம் அட்சரேகையில் டிசம்பர் உச்சி வெயில் தெற்கே சாய்ந்து சுமார் 55 பாகையில் வருவதால், குளிர் மிகுந்த அந்த மாதங்களில் தெற்குச் சன்னலே வீட்டின் சூடு. தெற்குப் பார்த்த வீடு என்றால் கீழே சிலர் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இங்கே அதுவே பலம் என்று சொல்லத் தரகருக்கும் தயக்கம் இருந்தது. வாஸ்து பார்ப்பவர்களிடம் வாதாடாமல், பதினொரு மணிக்கு அழைத்துவந்து அந்தச் சன்னலடியில் உட்காரவைத்தால் போதும் என்று நான்தான் சொன்னேன்.

2024 பிப்ரவரியில் வீடு கைமாறியது. வாங்கியவர்கள் குன்னூரிலேயே வாடகைக்கு இருந்த, ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர். அவர்களும் அலமாரியைத் திறந்து முகர்ந்தார்கள். முறிந்துபோன பேரத்தில் கேட்கப்பட்ட விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது, ஆனால் 2013-இல் செய்த செலவையும் அதை அழிக்கச் செய்த செலவையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம்தான். நிலவிலை ஏறியதால்தான் கூடுதல் கிடைத்தது, உன் சுண்ணாம்பால் அல்ல என்பது அண்ணனின் வாதம். அதிலும் பாதி உண்மை இருக்கலாம்.

சாவி கொடுத்த அன்று அந்தப் பெரியவர் டைல்ஸைக் காலால் தட்டிப் பார்த்து, "இதுக்குக் கீழ பழைய பலகை இருக்குதாங்க?" என்று ஆவலோடு கேட்டார். இல்லை என்றேன். அந்தத் தேக்குப் பலகைகளைப் பழைய மரக் கடைக்காரர் ஒருவர் எங்கள் டைல்ஸ் கூலிக்கு ஈடாக எடுத்துக்கொண்டு, டைல்ஸ் ஏறிவந்த அதே லாரியில் கீழே இறக்கிக்கொண்டு போயிருந்தார்.