ஜெர்பராவுக்கு ரெண்டு இன்ச் தண்ணி போதும்

ரிசப்ஷன் ஸ்டேஜ், பொக்கே, ஆபீஸ் டேபிள்னு எங்க பாத்தாலும் இருக்குற அந்த பெரிய டெய்சி தான் ஜெர்பரா. சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா, ஆனா நம்ம பூக்கடைக்கு வர்றது பெரும்பாலும் ஓசூர், பெங்களூர், நீலகிரி பக்கத்து பாலிஹவுஸ்லருந்து (பிளாஸ்டிக் ஷீட் போர்த்தின பசுமைக்குடில்). பத்து பூவை ஒரு கட்டா கட்டி, ஒவ்வொரு தலைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டி வச்சிருப்பாங்க. கலருக்கு பஞ்சமே இல்ல, ஆனா வாங்கிட்டு போன பாதி பேர் சொல்றது "ரெண்டே நாள்ல தலை தொங்கிடுச்சுங்க".

தொங்குறதை பாத்ததும் தண்ணி பத்தலைன்னு ஜாடி கழுத்து வரைக்கும் ரொப்புறாங்க பாருங்க, அங்க தான் வினையே. தண்டை தடவி பாருங்க, பூனை முடி மாதிரி மெல்லிசா ரோமம் இருக்கும், சதை ரொம்ப சாஃப்ட். தண்ணில முங்கிக் கெடக்குற அளவுக்கு அது கொழகொழன்னு அழுக ஆரம்பிச்சிடும், அதுல பெருகுற பாக்டீரியா தண்டுக்குள்ள தண்ணி ஏறுற குழாயை அடைச்சிடும், அப்புறம் ஜாடி நிறைய தண்ணி இருந்தும் பூவுக்கு ஒரு சொட்டு போகாது, தலைக்கு கொஞ்சம் கீழ தண்டு மடங்கிடும். அதனால ரெண்டு இன்ச் தண்ணி போதும், ஆனா தினமும் மாத்தணும், ஜாடியையும் சோப்பு போட்டு கழுவணும். ஒரு லிட்டருக்கு கால் டீஸ்பூன் லிக்விட் ப்ளீச் விட்டா நல்லது. வெறும் சர்க்கரை போடுறது வேண்டவே வேண்டாம், அது பூவை விட பாக்டீரியாவுக்கு தான் விருந்து.

இன்னொரு விஷயம், தோட்டத்துல ஜெர்பராவை கத்தியால வெட்ட மாட்டாங்க, அடியோட புடிச்சு சாய்ச்சு இழுத்துடுவாங்க, ஏன்னா மிச்சம் நிக்குற தண்டு அழுகி செடிக்கே நோய் வந்துடும். அதனால கடைல வாங்குற பூவோட அடி கட்டையா இருக்கும், அது தண்ணி உறிஞ்சாது. வீட்டுக்கு வந்ததும் அந்த கட்டைக்கு மேல ஒரு இன்ச் விட்டு, நல்ல கூரான கத்தியா எடுத்து சாய்வா வெட்டிடுங்க (மொக்கை கத்திரிக்கோல்ல வெட்டினா தண்டு நசுங்கிடும்).

வாங்கும்போது இதழை விட நடுக்கண்ணை பாக்கணும். அது ஒரே பூ இல்ல, குட்டி குட்டி பூ நூத்துக்கணக்குல வட்டமா அடுக்கி இருக்கும், வெளி ஓரத்துல ரெண்டு வரிசை மட்டும் விரிஞ்சு மகரந்தம் தெரிஞ்சா சரியான பருவம். ஒண்ணுமே விரியலைன்னா பிஞ்சுலயே பறிச்சது, அது தான் மொதல்ல தொங்கும். நடு வரைக்கும் பொடி பூத்து கெடந்தா பழைய சரக்கு.

தண்டுக்கு ஸ்ட்ரா மாட்டி நிமித்தி வச்சிருந்தா எனக்கு சந்தேகம் தான், கழட்டி காட்ட சொல்லுவேன். கடைக்காரர் மொறைப்பாரு, மொறைக்கட்டும்.

தொங்கிப்போச்சா? உடனே தூக்கி போட்டுடாதீங்க. அழுகின அடியை வெட்டிட்டு, தலையோட சேத்து தண்டை நேரா வச்சு நியூஸ்பேப்பர்ல இறுக்கமா சுருட்டி, சுத்தமான தண்ணில ரெண்டு மணி நேரம் நிழல்ல நிக்க வைங்க, பல பூ நிமிந்துடும். குழாய் முழுசா அடைச்சுப்போனது நிமிராது, அதை தலையை மட்டும் கிள்ளி உருளில மெதக்க விட்டுடலாம்.