திராட்சை வேரடியில் நூற்புழு விடும்போது

நூற்புழு என்றதும் வேரில் முடிச்சு போடும் எதிரிதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது வேறு வகை. ஸ்டைனெர்னீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற இரண்டும் செடியைத் தொடுவதில்லை. பூச்சியின் வாய், ஆசனவாய், சுவாசத் துளை வழியாக உள்ளே நுழைந்து, தம் உடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை அங்கே விடுகின்றன. இரண்டு நாளுக்குள் பூச்சி செத்துவிடும்.

பூச்சி மண்ணில் வாழும் பருவத்துக்குத்தான் இது மருந்து. இலையிலும் குலையிலும் இருக்கும் மாவுப்பூச்சிக்கு அடிப்பது வீண். வெயிலிலும் காற்றிலும் காய்ந்து போகும். வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களுக்கு ஹெட்டெரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா ஏற்றது, அது ஆழத்துக்குத் தேடிப் போகும். ஸ்டைனெர்னீமா கார்போகாப்சே மேல்மண்ணிலேயே காத்திருந்து பிடிக்கும். குளிர்ந்த மண்ணுக்கு ஸ்டைனெர்னீமா ஃபெல்டியே. எதுவானாலும் வண்டுப் புழு சின்னதாக இருக்கும்போதே நூற்புழுவை விட வேண்டும், முற்றிய வேர்ப்புழு எளிதில் சாவதில்லை.

பாக்கெட் வந்ததும் முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிட்டிகை எடுத்து, அறைச்சூட்டிலுள்ள நீரில் கரைத்து, அரை மணி நேரம் கழித்து 20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும். நெளிந்தால் நல்லது. ஊசிபோல் விறைத்துக் கிடந்தால் செத்தது. கார்போகாப்சே மட்டும் உயிரோடிருந்தாலும் அசையாமல் கிடக்கும். நீரைக் கலக்கிவிட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பாக்கெட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைபெட்டியில் வைத்தால் எல்லாம் போச்சு.

அளவு: சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழு, அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை லட்சம். 100 மீட்டர் வரிசையில் ஒரு மீட்டர் அகலப் பட்டைக்கு 2.5 கோடி போதும், எனவே 5 கோடி நூற்புழு உள்ள ஒரு பாக்கெட் இரண்டு வரிசைக்கு வரும். தோட்டம் முழுக்கத் தூவி மெல்லிசாக்குவதைவிட, வேரடியில் முழு அளவும் விடுவதே மேல்.

தெளிப்பானில் 50 மெஷ்ஷைவிட (அங்குலத்துக்கு 50 கண்ணி) நுண்ணிய வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அழுத்தம் 20 பாருக்குக் கீழே இருக்கட்டும். பூஞ்சாணக்கொல்லி அடித்த டேங்கைப் பலமுறை கழுவ வேண்டும், மிச்சமிருக்கும் மருந்தே கொன்றுவிடும். நூற்புழு நீரின் அடியில் தங்கும், அதனால் கலக்கிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் முதல் கொடிகளுக்கே பெரும்பங்கு போய், கடைசிக் கொடிக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். பம்ப் நீரைச் சுற்றிச் சுற்றி அனுப்பினால் டேங்க் சூடேறும். கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்புத் தட்டினால் நிறுத்துங்கள். சொட்டுநீர்க் குழாயில் விடலாம்தான். ஆனால் ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் குழாய்க்குள்ளேயே படிந்துவிடும், நனையும் இடமும் குறைவு. வேரடியில் நேராக ஊற்றுவதையே நாங்கள் நம்புகிறோம்.

பெரும்பாலான தோல்விக்குக் காரணம் ஈரம்தான். நூற்புழு மண் துகள்களுக்கிடையே உள்ள நீர்ப்படலத்தில்தான் நகரும். காய்ந்த மண்ணில் நகராது, நீர் தேங்கி நின்றால் மூச்சு முட்டும். முந்தின நாள் பாசனம், பொழுது சாய்ந்தபின் தெளிப்பு, உடனே சதுர மீட்டருக்கு 6 லிட்டர் நீர், பிறகு இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடாக்கு இருந்தால் விலக்கிவிட்டு ஊற்றி, மீண்டும் மூடுங்கள். மண் வெப்பம் 15 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கு நூற்புழுக்கொல்லி மருந்து வேண்டாம்.

பலனைக் கண்ணால் பார்க்கவும் வழியுண்டு. ஒரு வாரம் கழித்து வேரடி மண்ணை டப்பாவில் எடுத்து, ஐந்து மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களைப் போட்டு நிழலில் வையுங்கள். நூற்புழு விடாத மண்ணிலும் ஐந்து போட்டு ஒப்பிட வேண்டும். நான்கைந்து நாளில் புழு செங்கல் நிறமாகச் செத்திருந்தால் ஹெட்டெரோராப்டிடிஸ். பழுப்பேறிக் கிடந்தால் ஸ்டைனெர்னீமா. கறுத்து அழுகி நாறினால் அது வேறு நோய், கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்தும் உயிரோடு நெளிந்தால், அடுத்த பாக்கெட் வாங்குமுன் பாசனத்தைச் சரிபாருங்கள்.