லூயிஸில் வாங்கிய கறுப்பு பீருக்கு 47 மதிப்பெண்

லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, பரோ மார்க்கெட்டைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பார்க் ஸ்ட்ரீட் வரும். ஷேக்ஸ்பியரின் பழைய குளோப் அரங்கம் இருந்த இடம் இதே தெருவில்தான் என்பதால், பலர் அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது வேறொன்றுக்காக. 1616-இல் தொடங்கிய ஆங்கர் ப்ரூவரி இங்கேதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே பெரிய பீர் ஆலை அது. 1981-இல் இடித்துவிட்டார்கள். இம்பீரியல் ஸ்டவுட் என்று இன்று நாம் சொல்லும் கரிய, கனத்த பீர் எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், நான் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள். சுவரில் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. 1850-இல் இந்த ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த ஆஸ்திரியத் தளபதி ஹைனாவை, இத்தாலியிலும் ஹங்கேரியிலும் அவர் செய்த கொடுமைகளை அறிந்திருந்த தொழிலாளர்கள் அடித்து விரட்டினார்கள் என்று அது சொல்கிறது. அதற்காகவே 1864-இல் இத்தாலிய விடுதலைத் தலைவர் கரிபால்டி இங்கே வந்து அந்தத் தொழிலாளர்களுக்கு நன்றி சொன்னார். பீரோடு நேரடித் தொடர்பில்லாத கதைதான். ஆனாலும் அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆலையை நடத்திய ஹென்றி த்ரேல் 1781-இல் இறந்தார். சொத்தை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு ஏற்றவர்களில் ஒருவர் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். பார்க்ளே, பெர்கின்ஸ் கூட்டணி 1,35,000 பவுண்டுக்கு வாங்கியது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் 1796-இல் தன் நாட்குறிப்பில், த்ரேல் ஆலையின் போர்ட்டரை (ஸ்டவுட்டுக்கு முன்னோடியான கரிய பீர்) குடித்ததாகவும், அது ரஷ்யப் பேரரசிக்கென்றே தயாரானது, ஏழு வருடம் வைத்திருந்தாலும் கெடாது என்று கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். பேரரசி என்றால் இரண்டாம் கேத்தரின். 'இம்பீரியல்' என்ற அடைமொழி இந்த ரஷ்யத் தொடர்பில் வந்ததுதான்.

ரஷ்யாவுக்குப் போகும் வழியில் பால்டிக் கடல் குளிரில் உறைந்துவிடாமல் இருக்கத்தான் இவ்வளவு காட்டமாகக் காய்ச்சினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்து சதவீத ஆல்கஹால் உள்ள பீர்கூட பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி போனாலே உறைய ஆரம்பித்துவிடும். ரஷ்யக் குளிருக்கு அது எம்மாத்திரம்? பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவும் ஆல்கஹாலும் நிறைய இருந்தால் பீர் பல வருடம் தாங்கும், தாங்கத் தாங்க நன்றாகவும் ஆகும். ஃபாரிங்டன் சொல்லும் ஏழு வருடம்தான் எனக்குச் சரியான காரணமாகப் படுகிறது.

இந்தப் பயணத்தில் மூன்று இம்பீரியல் ஸ்டவுட்களைக் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவது என்று நானும் லண்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பனும் முடிவு செய்திருந்தோம். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டோம். மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. இம்பீரியல் ஸ்டவுட் என்றால் ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம், கசப்பு அலகு 50 முதல் 90 என்று அவர்களின் வழிகாட்டி சொல்கிறது. ஒரு மாலைக்கு ஒரு பாட்டில், அதையும் இருவரும் பகிர்ந்துகொள்வது என்று வைத்துக்கொண்டோம். இந்த வகையை அதற்கு மேல் ஒரே மாலையில் குடித்தால் நாக்கு மரத்துப்போகும், தருகிற மதிப்பெண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

முதலில் சாமுவேல் ஸ்மித். யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊர்க்காரர்கள். 1980-களில் இந்த வகை ஏறக்குறைய மறைந்துபோயிருந்தபோது, அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்காக இதைத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் இன்று குவிந்து கிடக்கும் இம்பீரியல் ஸ்டவுட்களுக்கு இது ஒரு முன்னோடி. ஆல்கஹால் 7 சதவீதம்தான். உலர்திராட்சை, கோகோ, கடைசியில் மெல்லிய கசப்பு. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கனம் போதாது, விழுங்கிய உடனே சுவை விலகிவிடுகிறது. 35 கொடுத்தேன். நண்பன் 37.

இரண்டாவது, பெர்மண்ட்சியில் கெர்னல் ப்ரூவரி. லண்டனின் முதல் ரயில் பாதை 1836-இல் வந்தது. அதைத் தாங்க எழுப்பிய செங்கல் வளைவுகள் மைல் கணக்கில் நீளும். அவற்றுக்கு அடியில் இன்று ரொட்டிக்காரர்கள், சீஸ் விற்பவர்கள், பீர் காய்ச்சுபவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். கெர்னலின் பாட்டிலில் படமோ பளபளப்போ கிடையாது. பழுப்புக் காகிதத்தில் 'இம்பீரியல் பிரவுன் ஸ்டவுட், லண்டன் 1856' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். பார்க்ளே பெர்கின்ஸ் ஆலையின் 1856-ஆம் வருடக் குறிப்பை அடியொற்றிய பீர் இது. பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் அதே செய்முறை மறுபடி உயிரோடு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதில் முக்கியமானது பிரவுன் மால்ட். மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். இப்போதைய ஸ்டவுட்களில் கருமைக்கு முழுக்கக் கருக வறுத்த மால்ட்டை நம்புகிறார்கள். அந்த வறுப்பு உருளைக்கு டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியது 1817-இல். அதற்கு முன்னால் போர்ட்டருக்கு நிறம் கொடுத்தது பிரவுன் மால்ட்தான். வீலரின் கறுப்பு மால்ட் வந்த பிறகும் லண்டன்காரர்கள் பிரவுனைக் கைவிடவில்லை. வித்தியாசத்தை நாக்கு உடனே பிடித்துக்கொள்கிறது. கறுப்பு மால்ட் காபி, கரி என்ற பக்கம் இழுக்கும். பிரவுன் மால்ட் ரொட்டியின் மேல்தோல், வறுத்த கொட்டை, கொஞ்சம் புகை என்று பரவும். கெர்னலில் இரண்டும் சேர்ந்து வந்தன. பத்து சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் தொண்டையில் எரியவில்லை, நெஞ்சில் மெல்லச் சூடாக இறங்கியது. பழுப்பு நுரை கிளாஸின் ஓரத்தில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனை 11, தோற்றம் 3, சுவை 17, கனம் 5, ஒட்டுமொத்தம் 8. ஆக 44. நண்பனுக்கு 46. அவன் அத்தோடு வெற்றியாளர் யாரென்று முடிவு கட்டிவிட்டான்.

மூன்றாவதுக்குத்தான் லண்டனை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

லூயிஸ், சஸெக்ஸ் மாவட்டத்தில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். செங்குத்தான தெருக்கள், மேலே பாழடைந்த நார்மன் கோட்டை. அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெய்ன், அமெரிக்கா போவதற்கு முன்னால் குடியிருந்த வீடும் இங்கே இருக்கிறது. கீழே ஊஸ் நதி. நதிக்கரையில் கோபுரத்தோடு நிற்கும் ஹார்வீஸ் ப்ரூவரி, 1790-இலிருந்து வணிகம் செய்துவரும் குடும்ப நிறுவனம். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நதி பெருக்கெடுத்து ஆலைக்குள்ளேயே புகுந்தது. மீண்டு வந்தார்கள். தெருவில் நடக்கும்போதே வெந்த மால்ட்டின் வாசம் மூக்கில் ஏறுகிறது. ஆலைக்குத் தேவையான தண்ணீரைச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து சொந்தக் கிணற்றில் எடுக்கிறார்கள்.

இங்கே தயாராகும் இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட்டின் வேர் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. பார்க்ளே பெர்கின்ஸின் ஸ்டவுட்டை லண்டனிலிருந்து ரஷ்யாவுக்கு அனுப்பி விற்றது ஏ. லெ காக் நிறுவனம். அவர்களின் சரக்கோடு போன ஒலிவா என்ற கப்பல் 1869-இல் பால்டிக் கடலில் மூழ்கியது. 1974-இல் நார்வே நாட்டு முக்குளிப்பவர்கள் அதிலிருந்து பாட்டில்களை எடுத்தார்கள். லெ காக் 1912-இல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் ஓர் ஆலையையே வாங்கி அங்கேயே காய்ச்ச ஆரம்பித்தது. அந்த மரபைப் பிடித்துக்கொண்டு 1990-களின் கடைசியில் ஹார்வீஸ் இதைச் செய்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. கார்க் போட்டு அடைத்த பாட்டில்களுக்குள் சில மாதம் கழித்து பீர் மறுபடி நொதிக்கத் தொடங்கி, கார்க்குகளை மேலே தள்ளியது. உள்ளே வேறொரு காட்டு ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது.

ஆலையின் கடையில் பாட்டில் வாங்கி மாலையே லண்டன் திரும்பினோம். 9 சதவீதம். லேபிளில் லெ காக் பெயர் இருக்கிறது. கிளாஸில் ஊற்றினால் ஒளி கொஞ்சமும் ஊடுருவாத கறுப்பு, நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நண்பன் மூக்கைக் கொண்டுபோனான், உடனே எடுத்தான்.

“டேய், இது புளிச்சுப்போச்சுடா. கெட்டுப்போன பாட்டிலைத் தந்துட்டாங்க.”

“கெடலை. கொஞ்சம் வெளியிலேயே இருக்கட்டும். அப்புறம் குடி.”

குளிர்ச்சியோடு முதல் வாய் குடித்தபோது எனக்கும் 33-க்கு மேல் வரவில்லை. ஒரு புளிப்பு முன்னால் வந்து நின்றது, அதன் பின்னால் கடுமையான கசப்பு. ஆனால் இந்த வகையை ஃப்ரிட்ஜ் குளிரில் மதிப்பிடவே கூடாது. குளிரில் வாசனை எழும்பாது, கசப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 12, 14 டிகிரிக்கு வரட்டும் என்று கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

கொஞ்சம் கொஞ்சமாக அது திறந்தது. முதலில் அத்திப்பழம், உலர்ந்த செர்ரி. பிறகு கரும்புப்பாகு, லேசான புகையிலை. புளிப்பு போய்விடவில்லை. பழத்தோடு கலந்து, பழைய போர்ட் ஒயினில் வருவதுபோல ஓர் ஆழமாக மாறியது. எல்லாவற்றுக்கும் அடியில் தோல் வாசம் ஒன்று இருந்தது, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, அந்த வாசம். விழுங்கிப் பல நிமிடங்களுக்குப் பிறகும் நாக்கில் கோகோ கசப்பும் பழமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நான் குடித்த எந்தக் கறுப்பு பீரும் இவ்வளவு நேரம் கூடவே இருந்ததில்லை.

வாசனை 11, தோற்றம் 2, சுவை 19, கனம் 5, ஒட்டுமொத்தம் 10. மொத்தம் 47.

நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. தாளோடு இருந்த வழிகாட்டியை எடுத்துப் படித்துக் காட்டினான். வயதான இம்பீரியல் ஸ்டவுட்டில் ஒயின் சாயல் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் புளிக்கக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. விதிப்படி பார்த்தால் அவன் சொல்வது சரி. விதியே இந்த பீரின் வரலாற்றில் பாதியை விட்டுவிட்டது என்பது என் வாதம். பழைய லண்டன் ஆலைகளில் ஸ்டவுட் பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்காகக் கிடந்தது. மரத்தின் துளைகளில் காட்டு ஈஸ்ட்கள் குடியிருந்தன. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் க்ளாசன் என்ற விஞ்ஞானி அதில் ஒரு வகையைப் பிரித்தெடுத்து 1904-இல் அறிவித்தார், அதுதான் பிரெட்டனோமைசிஸ். முதிர்ந்த ஆங்கிலேய பீர்களின் தனிச் சுவைக்கு இதுவே காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். அப்படியென்றால் ஏழு வருடம் வைத்த ஸ்டவுட்டில் பேரரசியின் அரண்மனை ருசித்ததும் இந்தத் தோல் வாசத்தையும் புளிப்பையும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கெர்னல் 1856-இன் செய்முறையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, அதற்கு என் மரியாதை என்றும் உண்டு. ஹார்வீஸின் பாட்டிலில் அந்தக் காலத் தொட்டியே திரும்பி வந்திருக்கிறது. அதைக் குறை என்று கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

“சரி, வரலாற்றுக்கு வேணும்னா 47 குடு. என் நாக்குக்கு 31தான்” என்றான். அதற்கு மேல் அவன் ஏறவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நிலையத்திலிருந்து ஆலையின் கடைக்கு நடந்தே போகலாம். கிளிஃப் ஹை ஸ்ட்ரீட் என்று கேளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், லண்டனில் பரோ பக்கம் டபார்ட் தெருவில் ராயல் ஓக் என்ற ஹார்வீஸ் பப் இருக்கிறது. வழியில் சவுத்வார்க் ஸ்ட்ரீட்டில் 1867-இல் திறந்த ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள், கென்ட் மாவட்டத்து ஹாப்ஸ் கைமாறிய இடம் அது. ஸ்டவுட்டை இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். ஒன்றை அப்போதே திறக்கலாம், இன்னொன்றை இருட்டான இடத்தில் நிமிர்த்தி வைத்து இரண்டு, மூன்று வருடம் விடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திறக்கும்போது அதே தாளில் மறுபடி மதிப்பெண் போடுவதாக நண்பனும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.